ஐந்து மணிக்குள் ஓர் உரிமம்

மாமியார் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டால், அதன் பிறகு அது அவர் கைக்கே அகப்படாது. மருமகள் பெயருக்கு வந்த மூன்று கடிதங்களையும் அப்படித்தான் அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தார். இன்று போர்வை எடுக்கப் போன மகன் கண்ணில் அவை பட்டன. பிரித்துப் படித்தவன், அடுத்த நிமிடமே மனைவியைத் தொலைபேசியில் பிடித்தான்.

அவள் நர்ஸ். நான்கு வருடமாக வேறு மாநிலத்தில், அந்த மாநிலத்து உரிமத்தில் வேலை பார்க்கிறாள். ஆனாலும் சொந்த மாநிலத்து உரிமத்தைச் சாகவிடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் ஊர் திரும்பி, வீட்டிலிருந்து நடந்தே போகிற மருத்துவமனையில் சேரவேண்டும். உத்தரவும் வந்துவிட்டது. ஊரில் மகள் நாட்காட்டியில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த உரிமம் இன்று மாலை ஐந்து மணியோடு காலாவதி என்றன கடிதங்கள். தவறவிட்டால் மறுபடி தேர்வு, ஒரு வருடக் காத்திருப்பு.

மாமியார் போனை வாங்கினார். "கவர்ல உன் பேரு இருந்துச்சும்மா. அடுத்தவங்க கடுதாசிய நான் பிரிப்பேனா?"

"பிரிக்க வேணாம் அத்தை. வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பத்திரமா இருக்கேன்னுதான் நெனச்சேன்."

அதற்கு மேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க அவளால் முடியவில்லை.

நல்லவேளை, அன்று அவளுக்கு வார விடுமுறை. சொந்த மாநிலத்து உரிம அலுவலகத்துக்குப் பேசினாள். பணிச் சான்று செல்லும், அவள் வேலை பார்க்கும் மாநிலத்தில் முடித்த பயிற்சி வகுப்புகளும் செல்லும் என்றார் குமாஸ்தா. "ஆனா தொற்றுத் தடுப்பு மட்டும் எங்க வகுப்பாவே இருக்கணும்மா. ரெண்டு மணி நேரம், கணினியிலேயே பாக்கலாம். கடைசியில பத்துக் கேள்வி. ஒம்பது சரியா வரணும். மூணு தடவைதான் விடும்."

தொற்றுத் தடுப்பு! வார்டில் கை கழுவாமல் நகர்கிறவர்களைப் பருந்துபோல் பாய்ந்து பிடிக்கிறவளே அவள்தான். கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அறைத் தோழியும் நர்ஸ்தான். வாய் ஓயாததால் சில்வண்டு என்று பெயர். பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

வகுப்பு முடியும்போது மணி நான்கு. முதல் தடவை ஏழு. இரண்டாவது தடவை எட்டு. எது தப்பு என்று திரை சொல்லவில்லை.

"அக்கா, மார்க்கு வெளிய தெரிஞ்சா வார்டே கை கழுவுறத விட்டுடும்" என்றாள் சில்வண்டு.

அவள் சிரிக்கவில்லை. மகள் இன்று அடித்திருக்கும் கட்டம் நினைவில் வந்தது. போன் அடித்தது, மாமியார். "ஆச்சாம்மா?"

"இல்ல அத்தை. இன்னும் ஒரே ஒரு தடவைதான்." போனை ஒலிபெருக்கியில் போட்டு வைத்துவிட்டு, கேள்விகளைச் சத்தமாகப் படித்தாள். "ரத்தம் எடுக்கும்போது கையுறை கிழிகிறது. உடனே நிறுத்தலாமா, முடித்துவிட்டு மாற்றலாமா?"

"நீங்க என்னக்கா போட்டீங்க?"

"முடிச்சிட்டுதான். வார்டுல எனக்கே அப்படி ஆச்சு. ஊசி நரம்புக்குள்ள இருக்குடி, அந்தக் கிழவர மறுபடி குத்தவா?"

"சரியாப் போச்சு! காய்ச்சலோட வேலைக்கு வரலாமாங்கறதுக்கு?"

"மாஸ்க் போட்டு வரலாம்னு. நான் காய்ச்சலோட போன அன்னிக்கு வார்டுல வேற ஆளே இல்லையே!"

போனிலிருந்து மாமியார் குறுக்கிட்டார்.

"போன தடவை வந்தப்போ ரெண்டு தும்மல் போட்டேன்னு என்னை அடுப்படிக்குள்ளயே விடல நீ. இல்லையா?"

"ஆமா அத்தை, அதுக்கென்ன இப்ப?"

"எங்களுக்கு என்ன சொல்லுவியோ, அதைப் போடு. நீ பண்றதைப் போடாதே."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டும் வரை சிரிப்பு நிற்கவில்லை. துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும், அன்று தும்மிய மாமியாரை மனதில் நிறுத்திக்கொண்டு பதில் போட்டாள். உடனே நிறுத்து. வீட்டிலேயே இரு. கழற்று, கழுவு, அப்புறம் தொடு. ஒன்றிலும் தயக்கமில்லை.

பத்துக்குப் பத்து.

நாலு நாற்பதுக்கு விண்ணப்பம் போனது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது: உரிமம் புதுப்பிக்கப்பட்டது. சில்வண்டு கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். அந்தப் பக்கம் மகள் கத்திய கத்தலில் போன் கரகரத்தது.

அதற்குள், மாமியார் தரையில் எதையோ இழுக்கிற சத்தம் போனில் கேட்டது.

"என்னம்மா பண்றீங்க?" என்றான் அவள் கணவன்.

"அவ ரூம்ல என் பெட்டிங்க அடைச்சுக்கிட்டுக் கெடக்கே. எடுக்க வேணாமா?"

"ரெண்டு மாசம் இருக்கும்மா!"

"இருக்கட்டும். அந்தப் பக்கம் புடி."

இரண்டு பேரும் மூச்சுவாங்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். அவள் போனை வைக்காமல், பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்வதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.