ஆட்டத்தில் தள்ளுபடி

தீபாவளி லோடு ஏற்றி முடித்தால் இருக்கன்குடிக்குப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து, கார்த்திகை பிறக்கும்வரை தூங்குவது மாரிசாமியின் வழக்கம். இந்த வருஷம் மகன் ராம்குமாரின் கல்யாணம் குறுக்கே வந்துவிட்டது. சீசன் முழுக்க விஸ்வநத்தம் குடோன் வாசலில் நின்று பட்டாசுப் பெட்டிகளை அனுப்பிய கால், நடக்கச் சொன்னாலே யோசித்தது. அந்தக் காலைத்தான் ஆடச் சொன்னார்கள்.

வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஜோடியாக ஆட வேண்டும் என்பது பெண் வீட்டார் ஏற்பாடு. சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து பிரீத்தி வந்திருந்தாள். பொறுமையான பெண். என்ன, அவளுடைய ஆட்டம் முழுக்க இங்கிலீஷில் இருந்தது.

“அங்கிள், முதல்ல வேர்ட்ஸ் மனசுல ஏறணும். நான் சொன்னதும் கால் போகணும். ஸ்வேன்னா ரெண்டு பக்கமும் லேசா அசையறது. ட்விர்ல்னா ஆன்ட்டி உங்க கையைப் பிடிச்சுட்டே ஒரு சுத்து சுத்துவாங்க. டிப்னா அவங்க பின்னால சாய, நீங்க தாங்கிப் பிடிக்கணும். லிஃப்ட்னா...”

“தூக்கணுமோ?”

மாரிசாமி தன் மனைவி செல்லக்கனியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

“அதை விட்டுடலாம் அங்கிள்” என்றாள் பிரீத்தி.

கேட்குமுன்பே இறங்குகிற விலை இன்னும் இறங்கும். அது மாரிசாமிக்குத் தெரியும்.

“அந்த டிப்பையும் எடுத்துரு தாயி. நான் சாஞ்சாலே பிடிக்க ஆளு வேணும்.”

“சரி அங்கிள்.”

“ஸ்பின்னுன்னு வேற ஒண்ணு எழுதியிருக்கியே, அதும் ட்விர்லும் சுத்துறதுதானே? ஒரே சரக்குக்கு எதுக்கு ரெண்டு லேபிள்?”

“ஸ்பின் நீங்க தனியா சுத்தறது.”

“அப்ப அது வேண்டவே வேண்டாம்.”

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு சொல்லையும் அக்கறையாகப் படித்தார். பொருள் தெரியாமல் பேரம் பேச முடியாதல்லவா? ஷஃபிள் என்றால் காலை இழுத்து ஆடுவது என்று தெரிந்ததும் அது போயிற்று. லீப் என்றால் தாவுவது. கேட்ட இடத்திலேயே கழிந்தது.

செல்லக்கனியும் படித்தாள். கீரை ஆயும்போது ஸ்வே, ட்விர்ல், டிப் என்று அவள் உதடு அசையும். கல்யாணப் புடவையைக்கூட விரித்துச் சுழலுமா என்று பார்த்துத்தான் எடுத்திருந்தாள். ஆசை என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேரம் நடக்கிற இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்தே அவளுக்குப் பழக்கம்.

கடைசியில் ட்விர்லும் போயிற்று. கையைத் தூக்கினால் தோள்பட்டை பிடிக்கிறது என்றார்.

“இனி ஸ்வே மட்டும்தான் அங்கிள். பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும் தாயி. அதுல எனக்கு நல்ல பழக்கம்.”

செல்லக்கனி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் மொட்டைமாடியில் கொஞ்சம் படுக்கலாமென்று மாரிசாமி முட்டியைப் பிடித்தபடி படியேறினார். கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை காய்ந்தது. செல்லக்கனி அதன் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். முடித்துவிட்டு, சட்டையைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தாள். அப்புறம்தான் மாடி வாசலில் நின்றவரைக் கண்டாள்.

“என்ன பிள்ள இது?”

“ஒண்ணுமில்ல. நீங்கதான் வேண்டாம்னுட்டீகளே.” சட்டையின் கையை நீவிவிட்டாள். “இது பேரம் பேசாதுல்ல.”

அவர் படுக்காமலே இறங்கிப் போனார்.

சாயங்காலம் பிரீத்தி பாட்டைப் போடப் போனபோது மாரிசாமி தொண்டையைச் செருமினார்.

“தாயி, அந்த ட்விர்லு இருக்கா, வித்துப்போச்சா?”

“இருக்கு அங்கிள்.”

“ஒண்ணு போடு.”

செல்லக்கனி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“ரெண்டு” என்றாள்.

மாரிசாமி வாயெடுத்தார். கால் வலித்தது, தோள்பட்டை இழுத்தது, உறக்கம் வேறு கண்ணில் நின்றது. எடுத்த வாயை மூடிக்கொண்டு, அவள் தலை இடிக்காதபடி கையை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார்.