தீத்தின்னியின் வயிறு

தீயணைப்பு நிலையத்துத் தீத்தின்னி தொந்தியின் வயிறு வெளுத்துக்கொண்டே வந்தது. அதன் பாகனுக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

டிராகன்களிலேயே தலைகீழ் இனம் தீத்தின்னி. மற்றவை நெருப்பைக் கக்கும், இது விழுங்கும். எருமையைப் போல ரெண்டு பங்கு உடம்பு, பேருக்கு ரெண்டு இறக்கை. தாடையில் மூன்று தட்டு தட்டினால் வாயைப் பிளக்கும். எதிரே எரிவது எதுவானாலும் ஒரே இழுப்பில் உள்ளே போய்விடும். இது வந்த வருஷமே தீயணைப்பு நிலையத்தின் ஏணி வண்டியை விற்றுவிட்டார்கள். தொந்தி இருக்கும்போது ஏணி எதற்கு?

ஆனால் தின்ற தீ செரிக்காது. வயிற்றிலேயே குந்திக்கொண்டிருக்கும். அடிவயிற்றுச் செதில் சாம்பல் நிறமாக இருந்தால் காலி. செம்பு நிறம் என்றால் பாதி. வெளுத்துவிட்டால் வெட்டவெளிக்கு ஓட்டிப்போய்க் கக்க வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலே ஒரு வாய் ஊட்டினாலும் வெடிக்கும். தெருவே மிஞ்சாது.

கக்க வைக்கத்தான் இடம் அகப்படவில்லை. போன தடவை மணல்மேட்டில் கக்க வைத்ததில் பக்கத்துப் புது வீடுகளின் ஜன்னல் கண்ணாடி உருகி வழிந்தது. கம்போடு வந்தார்கள். கடற்கரைக்குப் போனால் மீன்காரர்கள் கல்லெடுத்தார்கள். நகர மன்றம் வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னது. பார்த்துக்கொண்டே இருந்தது.

"சார், இனிமே இதை வெளிய எடுக்கவே கூடாது," என்றான் பாகன்.

ஆபீசர் கையை விரித்தார். "நானும் கேக்காத ஆளில்லய்யா. எங்க ஏரியா வேணாம், எங்க ஏரியா வேணாம்கிறாங்க. தீப்பிடிச்சா மட்டும் முதல்ல அவங்க ஏரியாவுக்குத்தான் வரணுமாம்."

தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிரித்தான். பாகனின் ஒரே தங்கையைக் கட்டியவன். "உங்க தங்கச்சி சமையலைத் தின்னுட்டு நானும் இப்படித்தான் வயிறு உப்பி உக்காந்திருக்கேன் மச்சான். எனக்கு யாராவது இடம் பார்த்தாங்களா?"

"அவ காதுல விழட்டும். அப்புறம் பட்டினிதான்டா உனக்கு."

மணி அடித்தது.

தையல் கம்பெனி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில் காலர் தைக்கும் பிரிவில்தான் தங்கைக்கு வேலை. பாகன் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை தொந்தியின் வண்டியை லாரியோடு கொக்கி போட்டுவிட்டான்.

தெரு முழுக்க ஜனம். "தொந்தி வந்துடுச்சு! வழி விடுங்க!" யாரோ கை தட்டினார்கள். கீழ்த்தளத்திலிருந்து படிக்கட்டு வழியாகத் தீ ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகங்கள். நடுவில் அவள். அண்ணனைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்தினாள்.

"எங்கண்ணன் வந்தாச்சுடி! இனிமே எதுக்குடி அழறீங்க?"

பாகன் கையை ஓங்கினான். தாடைக்கு ஒரு சாண் தள்ளி அது அப்படியே நின்றது. குனிந்து பார்த்தான். அடிவயிறு சுண்ணாம்பு அடித்தாற்போல் இருந்தது.

"தட்டுங்க மச்சான்!"

"முடியாது மாப்பிள்ளை."

"ஒரு வாய் போதும். படிக்கட்டு மட்டும்."

"அரை வாய்க்குக்கூட இடமில்லடா, பாரு. வெடிச்சா மேல இருக்கிறவங்களும் போவாங்க, இத்தனை ஜனமும் போகும்."

"மேல நிக்கிறது யாரு? உன் கூடப் பொறந்தவ! தட்டுடா!"

"பாகனுக்குத் தொடை நடுங்குதுப்பா!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "தின்னு கொழுத்ததுதான் மிச்சம், ரெண்டும்!"

மாப்பிள்ளை குழாயைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். தாடையில் ஓங்கி ஒரு தட்டு. இன்னொன்று. மூன்றாவது விழுவதற்குள் பாகன் அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினான். சேற்றில் புரண்டார்கள். மாப்பிள்ளை கடித்தான், உதைத்தான், கடைசியில் கெஞ்சினான். பாகன் பிடியை விடவில்லை. தொந்தி தலையைச் சாய்த்து, மூன்றாவது தட்டுக்காக நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தது.

குழாய்த் தண்ணீர் இரண்டாவது மாடியைத் தாண்டவில்லை. மேலே அவள் இன்னும் யாருக்கோ தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலைப் புகை மூடியது.

காரியமெல்லாம் முடிந்து பாகன் வேலைக்கு வந்த அன்று ஆபீசர் எதிரே வந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இடம் கிடைச்சிடுச்சுய்யா. மன்றத்துல ஒரே மனசா முடிவு பண்ணிட்டாங்க."

"எங்க சார்?"

ஆபீசர் தன் ஷூவைப் பார்த்தபடி சொன்னார். "தையல் கம்பெனி. அங்கதான் எரியறதுக்கு இனி ஒண்ணும் இல்லையே. நாலு சுவரும் உயரமா நிக்குது. அக்கம்பக்கத்துல ஒருத்தரும் வேணாம்னு சொல்லல. இன்னிக்கே பண்ணிடு. வெடிச்சுத் தொலைஞ்சா என்ன பண்றது?"

சங்கிலி பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். கேட்காமலே மாப்பிள்ளை எழுந்து வந்தான்.

கூரையில்லாத கட்டடத்துக்குள் வெயில் அடித்தது. கருகிப்போன தையல் மெஷின்கள் மாடியோடு இடிந்து கீழே குவிந்து கிடந்தன. தொந்தி மோந்து பார்த்து, ஏதாவது கங்கு மிச்சமிருக்கிறதா என்று சாம்பலை நாக்கால் கிளறியது. மாப்பிள்ளை சங்கிலியைச் சுண்டி இழுத்தான். பாகன் அதன் பிடரியில் தட்டினான்.

தொந்தி கக்கியது. பேக்கரித் தீ, மரக்கடைத் தீ, ஆஸ்பத்திரிச் சமையலறைத் தீ. ஊரில் பிழைத்த வீடுகளின் நெருப்பு அத்தனையும் வந்தது. மெஷின்கள் இரண்டாம் முறை எரிந்தன. பக்கத்து மொட்டை மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"சீக்கிரம் முடிங்கப்பா! துணி காயப் போட்டிருக்கேன்!"

வெள்ளை செம்பானது. செம்பு சாம்பலானது. தொந்தி ஏப்பம் விட்டுப் படுத்தது.

மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து அதன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்று இருந்தது. கையை எடுக்காமல், திரும்பாமல் கேட்டான்.

"இப்ப இடமிருக்கு. இல்லீங்களா, பாகரே?"