பெரிலுக்கு ஆறு பாட்டில்

வில்ஃப் ப்ரோபர்ட் பழைய டிராக்டர் வாங்கி விற்பவர். ஹியர்ஃபோர்ட் சந்தையில் யார் என்ன விலை சொன்னாலும் அன்றைக்கே தலையாட்டமாட்டார். நாளைக்கு வா என்பார். நாளைக்குப் போனால் எப்படியோ அவர் பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கும்.

ஆப்பிள் மதுவான சைடரிலும் அதே பிடிவாதம். வருஷா வருஷம் தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து பீப்பாயில் நிரப்புவார். நுரையோ குமிழியோ இல்லாமல், புளிக்கப் புளிக்கக் குடிப்பார். கொஞ்சம் நுரை வருகிற மாதிரி செய்யேன் என்று மனைவி பெரில் நாற்பத்தொரு வருஷமாகக் கேட்டாள். நுரை வேண்டுமானால் சோப்பைக் கரைத்துக் குடி என்பார். மதுக்கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்துகொள்வாள்.

இந்த மார்ச்சில் பெரிலின் வயிற்றுப் புற்றுக்கட்டி ஈரல் வரை பரவிவிட்டது. படுக்கையை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கினார்கள். மருந்து அவள் நாக்கிலிருந்த ருசியை வழித்தெடுத்துவிட்டது. சூப்பும் தண்ணீரும் ஒன்றாகிப்போயின. தினமும் வரும் நர்ஸ் க்வெண்டா ஒருநாள் எலுமிச்சை சோடா ஒரு வாய் கொடுத்தபோதுதான் முகத்தில் உயிர் வந்தது.

"ருசி ஒண்ணும் தெரியல. ஆனா நாக்குல குத்துது, நல்லாருக்கு," என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது உன் சைடர்ல நுரை வருமா, கிழவா?"

வில்ஃப் அன்றைக்கே வேலையில் இறங்கினார். சாதாரண ஒயின் பாட்டில் அழுத்தம் தாங்காமல் வெடித்துவிடும் என்பதால், கல்யாண வீடுகளில் காலியான கனத்த ஷாம்பெயின் பாட்டில்களாக ஆறு தேடிப் பிடித்தார். ஒவ்வொன்றிலும் புளித்து நுரை வருவதற்காகத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை, மேலே சைடர், தக்கை, கம்பிக் கட்டு. ஏழாவதாக ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டில். கண்ணாடிக்குள் நடப்பது கைக்குத் தெரியாது. பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

வெதுவெதுப்பாக இரண்டு வாரமாவது இருக்கவேண்டும். பெரில் அந்த இரண்டு வாரம் இருப்பாள் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று க்வெண்டா வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

அடுப்பின் பக்கத்தில் பாட்டில்களை வரிசையாக நிறுத்தினார். பழைய கம்பளி போர்த்தினார். பெரில் தன் வெந்நீர்ப் பையையும் கொடுத்துவிட்டாள். பாட்டிலுக்குத்தான் குளிர் அதிகம் என்றாள். காலையில் எழுந்ததும் பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்குவார். ஒரு வாரம் தொளதொளவென்றே இருந்தது. பதினோராம் நாள் கட்டை விரல் உள்ளே போகவில்லை. கல் மாதிரி.

அன்று மத்தியானம் பெரில் தெளிவாக இருந்தாள். ஆயிற்றா என்று கேட்டாள்.

க்வெண்டாவின் அப்பாவும் சைடர்க்காரர். அவள் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கேஸ் வந்துடுச்சு. ஆனா பாதி கழுத்துலதான் நிக்குது. ஒரு ராத்திரி குளிர்ல கிடந்தாத்தான் சைடருக்குள்ள இறங்கும்." குரலைத் தணித்துக்கொண்டாள். "நானா இருந்தா இப்பவே திறந்துடுவேன், வில்ஃப்."

அவருக்கும் அது தெரியாததில்லை. இப்போது திறந்தால் டப்பென்று சத்தம், இரண்டு நிமிஷ நுரை, அவ்வளவுதான். நாற்பத்தொரு வருஷமாகக் கேட்டவளுக்கு அரைகுறையாகவா கொடுப்பது? இன்னும் ஒரே ஒரு நாள்.

"நாளைக்கு," என்றார்.

"வியாபாரி புத்தி," என்று சொல்லிவிட்டுப் பெரில் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமில்லை.

கொல்லைத் தொட்டியின் மழைத்தண்ணீரில் ஆறையும் அமிழ்த்தி வைத்தார்.

மறுநாள் காலையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பாட்டிலோடு உள்ளே வந்தபோது பெரில் விழிக்கவில்லை. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்கு நின்று எண்ணவேண்டியிருந்தது. தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். க்வெண்டா வந்து நாடி பார்த்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தக்கையைத் திருகினார். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம்தான். கிளாஸில் ஊற்றியதும் அடியிலிருந்து பொடிப் பொடியாகக் குமிழிகள், நூல் பிடித்த மாதிரி, நிற்காமல் ஏறின. இதைவிடச் சரியாக யாராலும் செய்ய முடியாது.

வாயை நனைக்கிற பஞ்சுக் குச்சியை அதில் தோய்த்தார். பஞ்சு குமிழியையெல்லாம் தின்றுவிட்டது. ஸ்பூனை எடுத்தார்.

"வேண்டாம், வில்ஃப். புரையேறிடும்."

விரலைக் கிளாஸில் முக்கி அவள் கீழுதட்டில் வைத்தார். ஒரு சொட்டு. அதில் இரண்டு குமிழி, உடைந்தன.

"குத்துதா, பெரில்?"

உதடு அசையவில்லை. மறுபடி முக்கினார், மறுபடி கேட்டார். கிளாஸில் நுரை அடங்கிப்போனதும் இன்னொரு பாட்டில் எடுத்துவந்து திறந்தார். அதுவும் அடங்க இன்னொன்று. அதன் நுரை அடங்குமுன் பெரிலின் மூச்சு அடங்கிவிட்டது. நாலாவதைத் திறக்கவேண்டிய வேலை வரவில்லை.