இன்னும் வராதவரின் நாற்காலி

ஸ்ஃபாக்ஸ் துறைமுக ஊரின் பழைய நகரத்தில், ஷெத்லியாவின் வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்து சேர்ந்தால் புதிதாக ஓர் அறை முளைத்தது. பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், அடுப்பில் கூஸ்கூஸ் வெந்து இறங்குவதற்குள் முளைத்துவிடும். சுண்ணாம்புகூடக் காய்ந்திருக்கும். முதல் அறை வந்தபோது தெருவே திரண்டு வந்து வாய் பிளந்து பார்த்தது. மூன்றாவது அறைக்கு எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. அதற்குப் பிறகெல்லாம் "ஷெத்லியா வீட்டுல இன்னொன்னு" என்று சொல்லிவிட்டு, கணவாய் மீன் விலை ஏறிப்போனதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

ஷெத்லியாவின் அப்பா காப்பிக் கடை வைத்திருந்தவர். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து சீட்டாடுகிற கடை. அவர் போனதும் கடையும் போனது, மரநாற்காலிகள் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்து பண்டக அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. அந்த நாட்களில் ஷெத்லியா படம் வரைந்துகொண்டிருந்தாள். தலைநகரத்தில் பெயர்போன ஒரு கண்காட்சிக் கூடத்துக்கு அனுப்பினாள். "சமையலறை வாசம் அடிக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளும் நல்ல பிள்ளையாக ஒவ்வொரு படத்தையும் மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தாள். ஆளிவிதை எண்ணெய் வாசம்தான் அடித்தது. அந்தக் கோபத்தில், தன்னைப் போலவே திருப்பி அனுப்பப்பட்டவர்களைத் தேடிப்பிடிக்கக் கிளம்பினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை, ஊர் முழுக்க அவர்கள்தான் இருந்தார்கள். ரத்யா மண்ணில் பானையும் பறவையும் செய்கிறவள், காது கேட்காது, பேச்சும் வராது. "உன் வேலையை விளக்கிச் சொல்ல ஆளைக் கூட்டிக்கொண்டு வா" என்று ஒரு பள்ளிக்கூடம் அவளை வாசலோடு அனுப்பியிருந்தது. மெஸ்ஸவூத் காபெஸ் ஊர்ப் பக்கத்துக் கறுப்பர், மேளக்காரர். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு மேளம் அடிக்கச் சொல்வார்கள், பாட்டும் நானே கட்டுவேன் என்று அவர் வாயெடுத்தால் ஒரு தட்டுச் சாப்பாட்டைக் கையில் கொடுத்துக் கொல்லைப்புறம் காட்டுவார்கள். மொஞ்சியா கெர்கென்னா தீவிலிருந்து வந்த விதவை. கிழிந்த மீன்வலையில் ஆளுயரப் பட்டம் கட்டி விடுவாள். புருஷன் செத்த வீட்டில் பட்டமா என்று தீவே சிரித்ததால் படகேறி வந்துவிட்டாள்.

இவர்கள் கூடியதும் வாசலில் ஒரு பலகை ஏறியது: இன்னும் வராதவர்கள் கூட்டுறவு. விதிகள் இரண்டே இரண்டு, இரண்டும் ஷெத்லியா எழுதியவை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறவருக்கு அது. தட்டியவர், யாரும் கேட்காமல் தானாகச் செய்த ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டு அதில் உட்காரலாம், அடுத்த கூட்டத்துக்குள் வேறொரு காலி நாற்காலி போட்டாக வேண்டும். இது முதல் விதி. தன் படைப்பைப் பற்றித் தானே பேசக் கூடாது, இன்னொருவர்தான் பேச வேண்டும் என்பது இரண்டாவது. அதனால் ரத்யாவின் பானைகளைப் பற்றி மெஸ்ஸவூத் பேசினார், மெஸ்ஸவூத்தின் பாட்டுகளைப் பற்றி ரத்யா கையசைத்துப் பேசினாள். காது கேட்காதவள் பாட்டைப் பற்றி என்ன பேசுவாள் என்று கேட்டவர்கள் அவள் கைகளைப் பார்த்த பிறகு கேட்கவில்லை.

கதவைத் திறப்பது, பாதாம் போட்ட தேநீர் ஊற்றுவது, நாற்காலி எடுத்துவந்து போடுவது எல்லாம் ஷெத்லியாவின் வேலை. யாரும் அவளுக்குக் கொடுத்த வேலையில்லை, அவள் கை தானாகப் போனது. ஒவ்வொரு வியாழனும் அடுத்த நாற்காலியோடு பண்டக அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தூசி தட்டுவாள். ஒரு நாற்காலிக்கு அவ்வளவு தூசியா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒரு கூட்டத்தில்கூட உட்கார்ந்ததில்லை என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. கலைஞர்களுக்குக் கண் கூர்மை என்பதெல்லாம் சும்மா.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தனக்கென்று ஓர் அறை, அதில் வலதுபக்கம் ஒரு சன்னல். அவள் இடதுகைக்காரி, வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து விழுந்தால்தான் கையின் நிழல் படத்தில் விழாது. அறை முளைக்கும் ஓசை கேட்டதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடிப் போய்ப் பார்ப்பது அவள்தான். போனால் உள்ளே எந்நேரமும் காற்றடிக்கும், அது மொஞ்சியாவின் அறை. அல்லது சுவரைத் தொட்டால் மேளம்போல் அதிரும், அது மெஸ்ஸவூத்துடையது. பிறகு வந்த ஐவரிகோஸ்ட் நாட்டுத் தையற்காரனுக்கு முளைத்த அறையில் மழைக்காட்டு வாசம். தனக்கானது ஒன்றுகூட இல்லை. வெளியே வந்து, வாயெல்லாம் பல்லாக வாழ்த்துச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் வெங்காயம் நறுக்குவாள். அழுவதற்கு வெங்காயத்தைப் போல வசதி வேறில்லை. பழைய அறைகளையெல்லாம் ஆரம்பத்திலேயே கூட்டத்துக்கும் மற்றவர்களின் சாமான்களுக்கும் விட்டுவிட்டதால், அவள் படுக்கையும் அந்தச் சமையலறையில்தான்.

வீடு வளர வளரத் தெரு கொஞ்சம் வளைந்து கொடுத்தது, பூனை படுக்க இடம் கொடுக்கிற கிழவனைப் போல. பக்கத்து வீட்டு ஹம்தாதான் வளைந்து கொடுக்கவில்லை. ஒருநாள் அவர் எழுந்து பார்த்தபோது முற்றத்து எலுமிச்சை மரம் தெருவுக்குப் போயிருந்தது. இன்னொரு நாள் சமையலறைச் சன்னல் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. காற்றோட்டம் பிரமாதம் என்று அவர் மனைவி சொன்னாள். ஹம்தா நகராட்சிக்குப் புகார் சொல்லப் போனார்.

நகராட்சியிலிருந்து லஸாத் வந்தார். கோடைகாலம், வெள்ளிக்கிழமை, கூட்டம் தொடங்கியிருந்த நேரம். இஸ்திரி போட்ட சட்டை, காதில் செருகிய மல்லிகைச் செண்டு, இடுப்பில் அளவுநாடா. இந்த ஊர் அதிகாரிகள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை அவரும் செய்தார், கதவைத் தட்டினார். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை ஷெத்லியாவும் செய்தாள். வேர்த்து விறுவிறுத்து வந்தவரை நிற்க வைத்துப் பேசக் கூடாது என்று, "உள்ள வாங்கய்யா, முதல்ல உக்காருங்க, அப்புறம் திட்டலாம்" என்றாள். வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இதோ பாருங்கம்மா," என்று ஆரம்பித்தார். "இந்த வீடு இனிமே வளரக் கூடாது. இன்னும் ஒரே ஒரு ரூம் முளைச்சாலும் சீல் வெச்சிடுவோம். மேலிடத்து உத்தரவு."

இத்தனை பேருக்கு முளைத்தது தனக்கு மட்டும் முளைக்காமலே முடிந்துவிடுமா என்று ஷெத்லியாவுக்கு நினைக்கவே பொறுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் உத்தரவைக் கேட்கவே இல்லை. எல்லோரும் அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அது அந்த நாற்காலி!" என்றாள் மொஞ்சியா.

பின்சுவர் மெல்ல முனக ஆரம்பித்தது.

"என்ன சத்தம் அது?"

"வீடுதான்யா," என்றார் மெஸ்ஸவூத், தேநீரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "உங்களுக்கு ரூம் போடுது. தட்டினீங்க, உக்காந்துட்டீங்க. யாரும் கேக்காம நீங்களா செஞ்சது என்ன, அதைக் காட்டணும். அதான் பாக்கி."

"நான் அளக்க வந்தவன்யா! சேர வந்தவன் இல்ல!" என்று லஸாத் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் இடுப்பிலிருந்து அளவுநாடா நழுவி, தரையெல்லாம் உருண்டோடி, புரண்டு கிடந்தது. எண்கள் இருந்த பக்கம் கீழே போய்விட்டது. மேலே தெரிந்த பக்கத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, பட்டு நூலில் பறவைகள். விரல்நகம் அளவில் சிட்டு, புறா, பூநாரை, ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி. அவர் முகம் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதின் நிறத்துக்குப் போனது.

"ஆபீஸ்ல போர் அடிக்கும்," என்றார் கடைசியில், குரல் இறங்கிப்போய். "காப்பிக் கடையில தெரிஞ்சா ஆம்பளை பூத்தையல் போடறான்னு கொன்னுடுவானுங்க. என் பொண்டாட்டிக்கே தெரியாது."

"பெரிய மனுஷன்யா நீங்க!" என்று மொஞ்சியா கத்தியது துறைமுகம்வரை கேட்டிருக்கும். மெஸ்ஸவூத் மேளத்தை எடுத்துவிட்டார். சுவர் பிளந்து அந்தப் பக்கம் ஓர் அறை விரிந்தது, உள்ளே நூல்கண்டுகள் காய்த்துத் தொங்கின. லஸாத் தன் உத்தரவை மீறித் தனக்கே ஓர் அறை முளைத்ததைப் பார்த்து முதலில் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார், பிறகு நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் நாற்காலியில் இடித்தார். அது கவிழ்ந்தது.

நாற்காலியின் அடிப்பக்கத்தில் லஸாத் இருந்தார். அதே மீசை, மோவாயில் அதே மச்சம், காதில் அதே மல்லிகைச் செண்டு. சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மேளம் நின்றது. மெஸ்ஸவூத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவிழ்த்தார். பாடுகிற வாயோடு அவர் முகம். மொஞ்சியா கவிழ்த்தாள், ரத்யா கவிழ்த்தாள், தையற்காரன் அவசரத்தில் தானும் சேர்ந்து கவிழ்ந்தான். வருடக்கணக்காக எல்லோரும் தங்கள் முகத்தின் மேலேயே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் சிரித்துக்கொண்டிருந்தது, கதவு திறந்ததும் சிரிக்கிற சிரிப்பு. யார் வேலை என்று அவர்கள் ஆளாளுக்கு விழித்தபோது, ரத்யா ஒருத்திதான் தேநீர்க் கெண்டியோடு கதவோரம் நின்றவளைப் பார்த்து விரலை நீட்டினாள். ஷெத்லியாவின் இடதுகை நகங்களில் மல்லிகை வெள்ளை ஒட்டியிருந்தது.

"யார் வருவாங்கன்னு எனக்குத் தெரியாது," என்றாள் ஷெத்லியா, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. "பலகையைத் திருப்பினா முகம் வந்துடும். வரைஞ்சுடுவேன். இந்த ஆளை வரையும்போதுகூட, யாருடா இது, காதுல பூவோட, மாப்பிள்ளையான்னுதான் நெனச்சேன்."

"உன் நாற்காலி எங்க அக்கா?" என்று கேட்டார் மெஸ்ஸவூத்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அவளுக்கு நாற்காலியே இல்லை. வெட்கத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் நாற்காலியை எடுத்துக்கொள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், அவள் உட்கார மறுத்தாள்.

"வெளியிலேருந்து வந்து தட்டறவங்களுக்குத்தான் நாற்காலி. நான் உள்ளயே கெடக்கறவ. எப்படிச் சேர்றது? விதியை எழுதினதே நான்தானே."

அவர்கள் விதியைத் திருத்தலாம் என்றார்கள், கிழிக்கலாம் என்றார்கள், மெஸ்ஸவூத் எரிக்கலாம் என்றார். தீர்வு சொன்னது லஸாத். முப்பது வருடம் நகராட்சியில் குப்பை கொட்டியவருக்கு விதியைத் தொடாமல் காரியத்தை முடிக்கத் தெரியாதா?

"விதின்னா விதி," என்றார். "வெளிய போங்கம்மா."

கதவு சாத்தப்பட்டது. ஷெத்லியா சொந்த வீட்டு வாசலில், வீட்டுச் செருப்போடு, கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். இந்தக் கதவை வெளியிலிருந்து தட்டுகிறவருக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. திறக்காவிட்டால்? சமையலறை வாசம் அடிக்கிறது என்று இவர்களும் சொல்லிவிட்டால்? ஹம்தா தன் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

"என்ன ஷெத்லியா, உன் வீட்டை விட்டே உன்னைத் துரத்திட்டாங்களா?"

"இல்ல ஹம்தா. சேர வந்திருக்கேன்."

தட்டினாள். உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. கதவைத் திறக்கிற பெருமை யாருக்கு என்று அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மறுபடி தட்டினாள், மெதுவாக. கதவில் உள்ளங்கையை வைத்துக் காத்துக்கொண்டிருந்த ரத்யாவுக்கு மட்டும் அது கேட்டது. அவள்தான் திறந்தாள்.

யாரும் கேட்காமல் அவள் செய்தவை எல்லாம் தரையில் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்ததால் காட்டச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவற்றைப் பற்றி ரத்யா பேசினாள். முதலில் கண்ணைத் தொட்டாள், பிறகு கதவைக் காட்டினாள், பிறகு இரண்டு கைகளாலும் ஷெத்லியாவின் முகத்தை ஏந்திக்கொண்டாள். இவள் எங்களுக்கு முன்பே எங்களைப் பார்த்தவள். பண்டக அறையிலிருந்து அடிப்பக்கம் வெறும் மரமாக இருந்த ஒரு நாற்காலி வந்தது. ஷெத்லியா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள், பக்கத்தில் வெங்காயமே இல்லை.

அறை சமையலறைச் சுவரைத் திறந்துகொண்டு வந்தது. வலதுபக்கம் சன்னல், சன்னலுக்கு வெளியே ஹம்தாவின் எலுமிச்சை மரம். லஸாத் வீட்டை ஒழுங்காக அளந்து அலுவலகத்துக்குச் சொன்னார். பூத்தையல் பக்கத்தை மேலே வைத்து அளந்ததால், நகராட்சிக் கணக்கில் அந்த வீட்டின் அகலம் இன்றும் பறவைகளில்தான் இருக்கிறது, சீல் வைக்க வழியில்லை. ஷெத்லியாவின் நாற்காலிக்கு அடியில் எல்லோரும் சேர்ந்து அவள் முகத்தை வரைந்தார்கள். ஆளுக்கொரு பகுதி வரைந்ததில் மூக்கு கொஞ்சம் தீவுப்பக்கம் போய்விட்டது. நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தின் நடுவில் கதவு தட்டப்பட்டது. பழக்கதோஷத்தில் எல்லோரும் ஷெத்லியாவைப் பார்த்தார்கள். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, சுடச்சுட பம்பலூனி வடையைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் தன் அறையில் அடுத்த நாற்காலியின் அடிப்பலகையை வரைந்து முடித்திருந்தாள். அது ஹம்தாவின் முகம், ஒரு துணிப்பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெட்கப்பட்டு நிற்கிற ஹம்தா.

"யாராவது போய்க் கதவைத் திறங்கப்பா," என்றாள் ஷெத்லியா. எழுந்திருக்கவில்லை.