மிஷினில் பேய் இல்லை

“அந்தக் கம்பிய அவுக்காம எவனும் மிஷின்ல ஏறமாட்டான், மொதலாளி!”

“ஏறாட்டா வீட்டுக்குப் போவும்வேய்! சீசன் முடியுததுக்குள்ள புஸ்தகம் குத்தாலத்துல கெடக்கணும்.”

அச்சகத்துக்குள் அச்சுக்கோப்பவர் மசூதுக்கும் முதலாளிக்கும் நடந்த சண்டை தெருமுனை வரை கேட்டது. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. தம்பி செல்லப்பாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்த வடிவம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யக்கா, எனக்குப் பயமா இருக்கு.”

“வீட்டுல அடுப்பெரிஞ்சு எத்தன நாளாச்சு? ஏறுலே.” அழுதுகொண்டே அவனை உள்ளே தள்ளினாள்.

போன வாரம் வரை அந்த மிஷினை மிதித்தவன் அவள் புருஷன் கடற்கரை. கால் மிதிக்க மிதிக்க இரும்புத் தட்டு வாயைப் பிளந்து மூடும். அது பிளந்திருக்கும் கண நேரத்தில் கை தாளை வைத்து எடுக்க வேண்டும். தாள் ஒட்டிக்கொண்டால், பக்கத்திலிருக்கும் கைப்பிடியைத் தள்ளி அச்சை விலக்கிவிட்டுத்தான் எடுப்பான். “தள்ளித் தள்ளி வேல சொணங்குது” என்று முதலாளி பால்வண்ணநாதன் அந்தக் கைப்பிடியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். சாரல் காற்றில் தாளெல்லாம் நமுத்துப் போயிருந்தது. ஒட்டிய தாளை உரிக்கப் போன கையைத் தட்டு மூடிக்கொண்டது. விரல்களை இழந்து தர்ம ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் கடற்கரை. கம்பி மட்டும் அப்படியே இருக்கிறது.

வடிவம்மாள், தன்னோடு வேலை செய்யும் ரெபேக்காளின் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சான தாள்களை மூங்கில் சீவலால் பாரம் பாரமாக மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பதெல்லாம் பேய்க்கதை. ‘இருள்மாலை’ என்று வருஷா வருஷம் ஒரு தொகுதி. ஊர் ஊராகக் கதை வரவழைத்து, “பயம் பத்தாது” என்று சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார் முதலாளி. குற்றால அருவியில் குளித்துவிட்டு லாட்ஜில் போர்த்திப் படுக்கிறவர்களுக்கு ‘இருள்மாலை’ இல்லாமல் முடியாது.

மசூது முதலாளியோடு புரூப் பார்க்க உட்கார்ந்தார். கையெழுத்துப் பிரதியை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் புரூப்பில் சரிபார்ப்பது வழக்கம். எப்போதும் முணுமுணுவென்று வாசிக்கிறவர், அன்று மிஷின் அறை வரை கேட்கும்படி வாசித்தார். கதை முதலாளியே எழுதியது.

“‘...குடிவெறியில் தள்ளாடி வந்தான் அந்த அச்சுத் தொழிலாளி. மிஷினுக்குள்ளிருந்து மோகினி சிரித்தாள். வா என்றாள். அவன் கையை நீட்டினான்...’”

வடிவம்மாளின் கையிலிருந்த சீவல் நழுவியது. கை நசுங்கிய அன்றைக்குக் கடுங்காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போன மனுஷன்.

“மொதலாளி, எம் புருசன் குடிக்கிறவன் இல்ல.”

“கதைதானம்மா! பேரக்கூட மாத்திட்டேன்லா?”

“பேர மாத்துனீய. கம்பி எங்க? கதையில கம்பியே வரலியே.”

பால்வண்ணநாதன் சிரித்தார். “கம்பியப் போட்டா எவன் பயப்படுவான்? பேய் இருந்தாத்தான் விக்கும்.”

“நான் பயப்படுதேன் மொதலாளி. எனக்கு அந்தக் கம்பியப் பாத்துத்தான் பயம்.”

செல்லப்பா மிஷின் மிதிகட்டையில் கால் வைத்திருந்தான். அவள் எழுந்து போனாள்.

“எறங்குலே.”

“காலைல நீதானக்கா அழுது கூட்டிட்டு வந்த?”

“ஆமா. இப்ப எறங்கச் சொல்லுததும் நான்தான்.”

“எறங்கிட்டா ஒரு பயலும் இந்த நடையில கால் வைக்கப்படாது!” முதலாளி கத்தினார். “சிவகிரியில ஆள் இல்லையா?”

“அந்த ஆளுக்கும் கையின்னு ஒண்ணு இருக்கும்லா? வரட்டும், கம்பிய நாங்களே காட்டுதோம்” என்றாள் ரெபேக்காள், மடித்த தாளைக் கீழே வைத்தபடி.

மசூது, மோகினிக் கதைக்குக் கோத்திருந்த ஈய எழுத்துக் கட்டை அவிழ்த்தார். எழுத்து எழுத்தாக எடுத்து எழுத்துப் பெட்டியில் அதனதன் குழியில் போட ஆரம்பித்தார்.

“என்னவேய் செய்யுதீரு?”

“இத நேத்து கோத்ததும் இந்தக் கைதான். அதான் பிரிக்கேன்.”

“நான் திரும்பி வரும்போது உள்ள எவனாவது நின்னா போலீஸ்தான்!” முதலாளி குடையை உதறிக்கொண்டு சிவகிரி பஸ்ஸுக்குப் போனார்.

சாரல் ஓட்டில் இரைந்தது. நாளைக்கு என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் வெளியே போகவில்லை.

“நீ சொல்லும்மா, நான் கோக்கேன்” என்றார் மசூது.

புஸ்தகம் வாங்குகிறவர்களுக்கு ஒரு கடிதாசியாக அவள் சொன்னாள். மிஷினைத் தொடாமல், கழிவுத் தாளில், கையால் உருளை ஓட்டி அச்செடுத்தார்கள். ஐந்தருவிக் கடைகளுக்குப் போகக் கட்டி வைத்திருந்த போன வருஷத்து ‘இருள்மாலை’ பிரதிகளில் ஒவ்வொன்றாகச் செருகினாள் வடிவம்மாள்.

‘இந்தப் புஸ்தகம் வாசிக்கிற ஐயாமாரே, அம்மாமாரே. இந்த அச்சாபீஸ் மிஷினில் பேய் இல்லை. ஒரு கம்பி இருக்கிறது. அதை அவிழ்க்கச் சொல்லி வேலையை நிறுத்தியிருக்கிறோம். அந்தக் கம்பியால் விரல்களை இழந்த கடற்கரை குடிக்கவில்லை. நாங்கள் கேட்பது தப்பா? நீங்கள் வேலை செய்கிற இடத்தில் எதைக் கட்டி வைத்திருக்கிறார்கள்? ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். வடிவம்மாள், இருள்மாலை அச்சாபீஸ் வாசல், தென்காசி என்று போட்டால் போதும். கதவு பூட்டிக் கிடந்தாலும் வாசலில்தான் இருப்போம். கட்டாயம் எழுதுங்கள்.’