அறுபது கிராம்

அந்தக் கட்டட வேலையிடத்துக்குள் எந்த லாரி நுழைந்தாலும் முதலில் அவளுடைய எடைமேடையில் ஏறி நின்றாக வேண்டும். சரக்கோடு உள்ளே வரும்போது ஓர் எடை, இறக்கிவிட்டு வெளியே போகும்போது காலி வண்டியாக இன்னோர் எடை. முன்னதில் பின்னதைக் கழித்தால் வந்து சேர்ந்த கம்பி எவ்வளவு, ஜல்லி எவ்வளவு என்று தெரிந்துவிடும். பதினோரு வருடமாக இதே வேலை. வண்டி திரும்புகிற சத்தத்தை வைத்தே இது பதினெட்டு டன்னுக்குக் குறையாது என்று சொல்லிவிடுவாள். ஈர மணலைக் கொண்டுவந்து எடை காட்டப் பார்த்த ஒரு டிரைவரை, மணல் காயும்வரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறாள். "எடைமேடை அக்கா போட்டா போட்டதுதான், மறு எடை கிடையாது" என்பது அந்த வாசலில் சட்டம் மாதிரி.

அவள் கணவர் அதே இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். எழுபது மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். எப்போதும் மேலேயே இருப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு மேகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர்தான் மேகம், ஆள் மலை. இருபது வருடமாக உட்கார்ந்தே செய்த வேலையும், இறங்கியதும் ஒரே மூச்சில் சாப்பிடுகிற சாப்பாடும் சேர்ந்து அவரை அப்படி ஆக்கியிருந்தன.

புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி, நூற்றிருபது கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கிரேன் ஏணியில் ஏறக் கூடாது என்று ஒரு விதியைக் காட்டினார். "எனக்கு அவ்வளவெல்லாம் இருக்காது சார்" என்று மேகம் சிரித்து மழுப்பினார். அன்று சாயங்காலம் லாரிகள் எல்லாம் போன பிறகு அவள் அவரை எடைமேடை நடுவில் நிறுத்தி உள்ளே போய்ப் பார்த்தாள். அந்த இயந்திரம் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். நூற்றைம்பது காட்டியது. கூடக் குறைய இருக்கலாம், ஆனால் நூற்றிருபது இல்லை என்பதில் சந்தேகமில்லை. அன்றிலிருந்து மேகம் தரைக்கு வந்தார். கயிறு கட்டுகிறவர்களுக்குக் கொக்கி எடுத்துக் கொடுக்கும் வேலை. அடிக்கடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கூண்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மேகம் பட்டினி கிடந்தார், நடந்தார், பத்துக் கிலோ குறைந்து பன்னிரண்டு கிலோ ஏறினார். கடைசியில் டாக்டர்கள் சொன்னபடி இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் மாதம் வெறும் திரவம்தான், அதோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த புரதப் பொடி. அடுத்து திடமான சாப்பாடு தொடங்கலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: தினமும் புரதம் அறுபது முதல் எழுபது கிராம்.

அதைப் படித்ததும் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிராம் கணக்கில் சொல்லிவிட்டார்கள் அல்லவா, இனி இது அவள் துறை. அன்றைக்கே சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினாள். கோழியை வேகவைத்து, எலும்பை நீக்கி, அறுபது கிராம் நிறுத்தாள். அதை ஆறாகப் பிரித்து நாள் முழுவதும் கொடுத்தாள். ஒருநாள் மீன். ஒருநாள் ஓடு நீக்கிய முட்டை ஐம்பது கிராம், அதோடு தயிர் பத்து கிராம். மற்றபடி தெளிவான சூப்பும் கொஞ்சம் காய்க்கூழும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள், அதிலும் தையல் போட்ட வயிறு. ஒரு கிராம் கூடிவிட்டால் என்ன ஆகுமோ என்று தராசின் மேல் குனிந்து மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வாள்.

அவர் கொடுத்ததைச் சாப்பிட்டார். போதுமா என்று அவள் கேட்கவில்லை, போதாது என்று அவர் சொல்லவுமில்லை. சொல்லவும் தெரியாது, ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பசி என்பதே மறந்துபோயிருந்தது. எடை மளமளவென்று இறங்கியது. சட்டைகள் தொளதொளத்தன. சந்தோஷத்தில் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. பிறகு சீப்பில் முடி கொத்தாக வந்தது. இரண்டு மாடி ஏறினால் முழங்கால் நடுங்கியது. ஒருநாள் கொக்கியைத் தூக்கும்போது கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போனார்கள். மறுபடி கிரேனில் உட்கார வேண்டுமானால் அவர் ஏறிக் காட்ட வேண்டிய ஏணித் தேர்வுக்கு இன்னும் நான்கே நாள் இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த உணவு ஆலோசகர், கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"புரதம் ரொம்பக் குறைவா இருக்கே. என்ன சாப்பிடுறீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தினமும் அறுபது கிராம் மேடம். ஒரு கிராம் கூடினதும் இல்ல, குறைஞ்சதும் இல்ல. நானே நிறுத்துத்தான் போடுறேன்."

"எது அறுபது?"

"கோழிதான். இல்லைன்னா மீனு."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அறுபது கிராம் கோழியில புரதம் இருபது கிராம்கூட வராது. மிச்சம் பெரும்பாலும் தண்ணி. நாங்க சொன்னது கோழிக்குள்ள இருக்கிற புரதம் அறுபது கிராம்."

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. மேகத்துக்குத்தான் முதலில் புரிந்தது.

"கோழி லாரி," என்றார் மெதுவாக. "புரதம்தான் சரக்கு. நீ லாரியோட எடையைச் சரக்குன்னு எழுதிட்டே."

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சறுக்கிய ஆனைக்குத்தான் தெரியும் அந்த வலி. எந்தக் கழித்தலைப் பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் போட்டாளோ, அதைத் தன் வீட்டு அடுப்படியில் போடவில்லை. எட்டு வாரம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள், அந்தப் பொரியையும் நிறுத்துப் போட்டிருக்கிறாள். "கொழுப்போட சேத்து சதையையும் உடம்பு எடுத்துக்கிட்டிருக்கு, அதான் கால் நடுங்குது" என்று ஆலோசகர் விளக்கிக்கொண்டிருந்தார். அவள் காதில் பாதிதான் விழுந்தது. வெளியே வந்ததும் "என்னை மன்னி..." என்று ஆரம்பித்தாள். "பஸ் வந்துடுச்சு பாரு" என்று அவர் முன்னால் நடந்தார்.

தேர்வைத் தள்ளிவைக்க வேண்டுமானால் மேலாளரிடம் காரணம் சொல்ல வேண்டும். மேகம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், ஆறு வாரம் கிடைத்தது. என்ன சொன்னார் என்பது இரண்டு நாள் கழித்து, எடைமேடை வழியாகப் போன வெல்டர் வாயிலிருந்து வந்தது.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் இப்படிப் பண்ணிட்டாரு? டாக்டர் சொன்னதை ஒழுங்கா சாப்பிடாம ஏமாத்தினாராமே? மேனேஜர் காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சிட்டாரு. 'ஆபரேஷன் பண்ணிக்கிட்டும் வாயைக் கட்டத் தெரியல, இப்ப வாயைத் திறக்கவும் சோம்பலா?'ன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டாரு. ஆறு வாரத்துல ஏறலைன்னா கூண்டு வேற ஆளுக்குத்தானாம்."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் வெடித்தாள். "எதுக்குப் பொய் சொன்னீங்க? நான் பண்ணின தப்பை நீங்க ஏன் தலையில போட்டுக்கணும்?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "என்னை ஆயிரம் பேசுவான், நாளைக்கு மறந்துடுவான். உன் எடை தப்புன்னு ஒருத்தன் ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் வர்ற லாரிக்காரன் எல்லாம் மறு எடை கேப்பான். அந்தப் பேரை நீ எத்தனை வருஷமா சம்பாதிச்சே? விடு, அடுத்த வேளைக்கு என்ன இருக்கு?"

அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனிதரோடு பதினாறு வருடம் வாழ்ந்திருக்கிறாள், இவரை இத்தனை நாள் சரியாகப் பார்க்கவில்லையே என்று தோன்றியது.

அந்த ஆறு வாரம் அவர் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்லக் கூடாது, வேலை என்றுதான் சொல்ல வேண்டும். சின்னக் கிண்ணம் அளவுகூட இல்லாத வயிற்றுக்குள், ஒரு நாளில் எழுபது கிராம் சரக்கை இறக்க வேண்டும். காலை எழுந்ததும் பாலில் கலந்த பொடி. எட்டு மணிக்கு முட்டை. பத்தரைக்கு முட்டை. ஒரு மணிக்குக் கோழி. மூன்றரைக்குக் கெட்டித் தயிர். ஆறு மணிக்கு மீண்டும் பொடி. எட்டரைக்கு மீன். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். பசித்தவனுக்கு இது ஒன்றுமில்லை. பசியே இல்லாதவனுக்கு, முட்டை வாசனை வந்தாலே தொண்டை மூடிக்கொள்கிறவனுக்கு, இது மூட்டை தூக்குகிற வேலை. அதிலும் ஒரே மூச்சில் பானையைக் காலி பண்ணிய மனிதர் அவர். ஒரு வாய் அவசரப்பட்டால் நெஞ்சை அடைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் மீன் அப்படியே திரும்பி வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "இன்னிக்குப் போதுங்க, விட்டுடுங்க" என்றாள். கால்மணி நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "அது எத்தனை கிராம் போயிருக்கும்?" என்று கேட்டார். அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்து, "பதினொண்ணு" என்றாள். "அப்ப பொடியைக் கரைச்சுக் கொண்டா. மெதுவா உறிஞ்சிக்கிறேன்" என்றார். ஒரு டம்ளரைக் குடிக்க ஒரு மணி நேரம் ஆனது. மேலே ஏறுகிறவனைத்தான் ஊர் அண்ணாந்து பார்க்கும், அவளோ தரையில் உட்கார்ந்து பால் உறிஞ்சுகிறவரை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையிடத்தில் அவர் நேரத்துக்கு நேரம் டப்பாவைத் திறப்பது எல்லாருக்கும் வேடிக்கை. "என்ன மேகம், ஆபரேஷன் பண்ணினது குறைக்கவா, கூட்டவா?" என்பார் வெல்டர். "மேகம் சேந்தாத்தானே மழை வரும்" என்று சொல்லிவிட்டு அவர் மென்றுகொண்டே இருப்பார். அவளும் இப்போது இரண்டு எடை போட்டாள், கோழிக்கு ஒன்று, அதற்குள் இருக்கும் புரதத்துக்கு ஒன்று. நான்காவது வாரத்தில் முழங்கால் நடுக்கம் நின்றது. ஐந்தாவது வாரம் ஒன்பது மாடி நடந்து ஏறினார்.

தேர்வு நாள் வந்தது. ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மேலாளர் வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். பாதுகாப்பு அதிகாரி, கூண்டோடு பேசும் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு கிரேன் அடியில் நின்றார். எடை நூற்றுப் பதினாறு. அது சரி. இனி கோபுரத்துக்குள் நேராக நிற்கும் ஏணியில் ஏறி, கூண்டை அடைந்து, ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கிக் குறித்த கட்டத்துக்குள் இறக்க வேண்டும். அவள் வாசலைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தாள். சுற்றிலும் முப்பது பேர் இருப்பார்கள்.

மேகம் ஏற ஆரம்பித்தார். ஏணிக்கு இடையிடையே இளைப்பாற இரும்புத் தளங்கள் உண்டு. முதல் தளம், இரண்டாம் தளம். கை மாறிக் கை, கால் மாறிக் கால், சீராகப் போனார். நான்காம் தளத்தில் நின்றார். அப்படியே கம்பியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கீழே ஒரே சலசலப்பு. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் மேலாளர். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவர் கை இடுப்புப் பையில் எதையோ தேடியது. பிறகு வாய்க்குப் போனது. பிறகு நிதானமாகத் தாடை அசைந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

"முடியாம உக்காரல சார்," என்றாள் அதிகாரியிடம். "சாப்பிடுறாரு."

"இப்பவா?"

"அவருக்கு இதான் நேரம்."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தளத்துல உக்காரலாம். எவ்வளவு நேரம்னு விதி இல்ல. கீழ இறங்கினாத்தான் தோல்வி."

யாரோ விசிலடித்தார்கள். "சாப்பாடு எப்படி, உப்பு இருக்கா?" என்று ஒருவன் கத்தினான். முப்பது பேர் அண்ணாந்து பார்க்க, கூண்டு தலைக்கு மேல் காத்திருக்க, அந்த மனிதர் அவசரப்படவில்லை. ஒரு முட்டைக்கு இருபது நிமிடம். பழைய மேகமாக இருந்தால் ரோஷத்தில் இரண்டு வாயில் விழுங்கிவிட்டு ஓடியிருப்பார், பாதியில் நெஞ்சை அடைத்திருக்கும்.

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஐந்து, ஆறு, ஏழு. மற்ற தளங்களில் நிற்கவே இல்லை. கூண்டின் கதவு திறந்து மூடுவது தெரிந்தது. கிரேனின் நீண்ட கை மெல்லத் திரும்பி வந்தது. கம்பிக் கட்டு தரையை விட்டு எழும்பி, காற்றில் ஆடாமல், வெள்ளைக் கோடு போட்ட கட்டத்துக்குள் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மேலாளர் ரேடியோவை வாங்கி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "சந்தோஷம்ப்பா. இதே மாதிரி மொதல்லயே ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இந்த ஆறு வாரம் வீணாகியிருக்காது."

அவள் கையை நீட்டினாள். "அதை இப்படிக் குடுங்க சார்."

அவர் தயங்கியபடியே கொடுத்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். அந்த இடத்தில் இருந்த அத்தனை ரேடியோவிலும் அவள் குரல் கேட்டது.

"அவரு மொதல்லயும் ஒழுங்காத்தான் சாப்பிட்டாரு. நான் போட்டதை மிச்சம் வைக்காம சாப்பிட்டாரு. எடையைத் தப்பாப் போட்டது நான். கோழியை நிறுத்துட்டு அதையே புரதம்னு நெனச்சு, எட்டு வாரம் அவரைக் கால் வயித்துல வெச்சிருந்தேன். எம் பேரு கெடக் கூடாதுன்னு அவரு தன் பேரைக் கெடுத்துக்கிட்டாரு."

வெல்டர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாசலுக்கு வெளியே காத்திருந்த லாரிகளிலிருந்து டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரேடியோ கரகரத்தது. எழுபது மீட்டர் உயரத்திலிருந்து அவர் குரல் கொஞ்சம் உடைந்து வந்தது.

"ஏய், என்ன பண்றே? எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள்.