எவாரிஸ்தோ வீட்டு ஜன்னல்

எங்கள் ஊரில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் டாக்டர்தான். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவில் மனு வாங்கி, முத்திரை குத்தி, கமிட்டி என்ன முடிவு செய்தது என்று போனில் சொல்லும் குமாஸ்தா. ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக நான் டாக்டர் நுபியா. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு பிடித்தும் போனது, அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மக்தலேனா ஆற்றங்கரையில் முந்நூறு வருஷத்து வெள்ளைச் சுவர்களோடு நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. உங்கள் வீட்டுக்குள் நீங்கள் தலைகீழாக நின்றாலும் கமிட்டி கேட்காது. தெருவைப் பார்க்கும் சுவரில் ஓர் ஆணி அடித்தால் வந்துவிடும். வெளிச்சுவரில் செய்யும் எந்த வேலைக்கும் எங்கள் காகிதத்தில் ஒரே பெயர்தான்: இந்தெர்வென்சியோன். ஓடு மாற்றினாலும் அதுதான், சுண்ணாம்பு அடித்தாலும் அதுதான். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் அதே சொல். மனுஷனை அறுத்துத் தைப்பதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அவர்கள் பாட்டுக்கு அவர்கள், நாங்கள் பாட்டுக்கு நாங்கள் என்று அந்தச் சொல்லை வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரியில் இஸ்மேனியா மனுவோடு வந்தாள். அவள் கணவர் எவாரிஸ்தோ கந்தில்யோ நாற்பது வருஷம் ஆற்றில் விசைப்படகு ஓட்டியவர். அவர் படகில் போகாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. ஊருக்கே அவர் தோன் எவாரிஸ்தோ; எங்கள் பக்கம் மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'தோன்' போடுவோம். என் பிரசவ வலியையும் அவர் படகுதான் அக்கரைக்குக் கொண்டுபோனது. ஏழு வருஷம் முன்னால் மார்பைத் திறந்து இதயத்தில் ஒரு வால்வு வைத்தார்கள். இப்போது அதுவும் பழுதாகிவிட்டது. மறுபடி திறந்து மாற்றவேண்டும். அதற்கு மருத்துவக் காப்பீட்டு ஆபீஸ் அனுமதி தரவேண்டும். அந்த மனு போய் எட்டு மாசம் ஆகியிருந்தது.

இஸ்மேனியா என்னிடம் வந்தது அதற்காக அல்ல.

"டாக்டரம்மா, அவருக்கு மூச்சு முட்டுது. வாசல்ல ஏழு படி, அதை இறங்க முடியல. சாயங்காலம் ஊரே நாற்காலியைத் தூக்கிட்டு வெளியே உட்காருது. இவரு மட்டும் சுவத்தைப் பார்த்துட்டு கிடக்காரு. அந்த ரூம்ல தெருப்பக்கம் ஒரு ஜன்னல் வெச்சுத் தரணும்."

"இஸ்மேனியாம்மா, முகப்புல புதுசா ஓட்டை போட கமிட்டி செத்தாலும் விடாது."

"புதுசு யாரு கேட்டா? அங்க ஜன்னல் இருந்துச்சு. இவங்க அப்பாதான் அடைச்சாரு. இவரோட அத்தை அந்தக் கம்பி வழியா ஒரு ஆளோட பேசிட்டே இருந்தாளாம். அண்ணன்காரன் ஜன்னலுக்கே சமாதி கட்டிட்டான்."

"அத்தை என்ன ஆனாங்க?"

"கதவு வழியா ஓடிப்போயிட்டா."

இருவரும் சிரித்தோம். ஆனால் கமிட்டிக்கு ஓடிப்போன அத்தை சாட்சி ஆகமாட்டாள். ஆதாரம் வேண்டும் என்றார்கள். மேஸ்திரி தொரிபியோ போய் உள்பக்கக் காரையைச் சுரண்டினார். ஒரு வாரத்தில் செங்கல் வளைவு ஒன்று தெரிந்தது, அதன் கீழே கம்பிகள் செருகியிருந்த குழிகள். நான் படம் எடுத்து ஃபைலில் வைத்தேன். அன்று படுக்கையில் இருந்தபடியே எவாரிஸ்தோ அந்தக் குழிகளை விரலால் காட்டி எண்ணினார். "ஒன்பது கம்பி" என்றார். சின்னப் பிள்ளை போலச் சிரித்தார்.

கமிட்டி மாசம் ஒருமுறை கூடும். மார்ச்சில் ஆள் சேரவில்லை. ஏப்ரலில் ஈஸ்டர். மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்தாகி வந்தது. நல்ல செய்தியை உடனே சொல்லவேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம். எங்கள் பிரிவில் ஏழு மேசை, போன் என் மேசையில் மட்டும். எடுத்து நம்பரை அழுத்தினேன். இஸ்மேனியா கடைக்குப் போயிருந்தாள். எவாரிஸ்தோ எடுத்தார். லைன் கரகரவென்று இருந்தது.

"தோன் எவாரிஸ்தோ, ஆபீஸ்ல இருந்து டாக்டர் நுபியா பேசுறேன். உங்க இந்தெர்வென்சியோன் பாஸ் ஆயிடுச்சு!"



"யாரு, டாக்டரா?"

"ஆமா, டாக்டர்தான்."

"எப்போ?"

"திங்கக்கிழமையே ஆரம்பிக்கலாம்."

"பழைய இடத்துலயே திறப்பாங்களா?"

"பழைய இடத்துலதான். ஒரு விரக்கடை கூட தள்ளக்கூடாதுன்னு எழுதியே இருக்காங்க."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலஞ்சு நாள். கொஞ்சம் தொந்தரவா இருக்கும், பொறுத்துக்கணும்."

"பொறுத்துக்கிறேம்மா" என்றார். "நான் செத்துருவேன்னே நினைச்சுட்டேன்."

ஒரு ஜன்னலுக்கு இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது. பாவம், எத்தனை மாசமாகச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேஸ்திரி தொரிபியோ உளியும் சுத்தியலுமாக என் மேசை முன் வந்து நின்றார்.

"டாக்டர், வீடு பூட்டிக் கிடக்கு."

"எங்க போனாங்க?"

"பார்ராங்கில்யாவுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து டாக்டரே போன் பண்ணி இந்தெர்வென்சியோன் பாஸ்னு சொன்னாங்களாம். சனிக்கிழமை தெருவே வந்து கட்டிப்பிடிச்சு வாழ்த்திட்டுப் போச்சு. பாதிரியார் வந்து எண்ணெய் பூசிட்டுப் போனாரு. நேத்து விடியக்காலம் வேன் வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க."

இஸ்மேனியாவின் செல்போனுக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. ஆறு மணி நேரப் பாதை அது, பாதி குழியும் மேடும். அங்கே கவுன்ட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி எதுவும் வரவில்லை, அடுத்தவர் வாங்க என்றிருக்கிறார்கள். அவர் சவரம் செய்து, புதுப் பைஜாமா போட்டு, கையில் ஜெபமாலையோடு இருந்திருக்கிறார்.

புதன்கிழமை இஸ்மேனியா வந்தாள். எங்கள் பிரிவில் ஏழு மேசையும் பேனாவைக் கீழே வைத்தது.

"நீ டாக்டரா? எந்தக் காலேஜ்ல படிச்ச? போறப்போ படி இறக்கி விட்டதும் அவரே வேன்ல ஏறி உட்கார்ந்தாரு. வர்றப்போ நாலு பேரு தூக்கினாங்க. இப்போ கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு வர முடியல. ஜன்னல்னு ஒரு வார்த்தை உன் வாயில வராதா?"

நான் அழுதேன். அவளும் அழுதாள். பிறகு யாரோ கறுங்காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், இருவரும் குடித்தோம். போகும்போது களைத்துப்போய்க் கேட்டாள்: "இனிமே அந்த வார்த்தையை யாராவது சொன்னா நான் எதைன்னு நினைக்கிறது?"

அவளைத் தேற்றவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது. நான் சொன்னேன்: "காப்பீட்டுக்காரங்க எங்கம்மா போன் பண்ணப்போறாங்க? அந்த வார்த்தை காதுல விழுந்தா அது நாங்கதான்னு வெச்சுக்கோங்க. ஜன்னல்தான்."

"ஜன்னல்தான்" என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

தொரிபியோ பத்து நாளில் வேலையை முடித்தார். ஒன்பது கம்பி, மேலே சின்ன ஓட்டுத் தாழ்வாரம், கீழே நடைபாதைக்கு நீட்டிய திண்டு. முகப்பைப் பார்த்தால் அங்கே ஜன்னல் இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததாகவே தோன்றாது. முடிந்த வேலையைப் படம் எடுத்து ஃபைலை மூடவேண்டும். அதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போனேன். எவாரிஸ்தோவின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். தலையணை நான்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, கண் மட்டும் தெருவைத் தின்றுகொண்டிருந்தது.

"டாக்டரம்மா வாங்க. அந்த வெள்ளரிக்காரியைப் பார்த்தீங்களா, எவ்வளவு குண்டாயிட்டா! எனக்கு யாருமே சொல்லல."

"ஜன்னல்ல உட்கார்ந்து பொம்பளைங்களை எண்ணத்தான் இந்தப் பாடா?" என்றேன்.

"பின்ன? எங்க அத்தை ரத்தம்."

அப்போது போன் அடித்தது. இஸ்மேனியா எடுத்தாள். நான் கேமராவில் கம்பிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தேன்.

"ஆமா, எவாரிஸ்தோ கந்தில்யோ வீடுதான்... இந்தெர்வென்சியோனா? அது பாஸ் ஆயிடுச்சுன்னு தெரியுமேம்மா... இல்ல இல்ல, தேதியெல்லாம் வேண்டாம். எல்லாம் முடிஞ்சாச்சு. திறந்தாச்சு. நல்லா இருக்காரு, உட்கார்ந்திருக்காரு... ஆமா, வேண்டாம்னு எழுதிக்கோங்க. ரொம்ப நன்றிம்மா."

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க ஆபீஸ்தான். இப்பத்தான் சொல்ல வர்றாங்க."

"எங்க ஆபீஸ் வேகம் அப்படி" என்று நானும் சிரித்தேன். படம் எடுத்தேன். வெண்பாலாடைக் கட்டியும் கொய்யா இனிப்பும் தந்தாள், சாப்பிட்டேன். எவாரிஸ்தோவுக்குக் கை காட்டிவிட்டு நேராக வீட்டுக்குப் போனேன்.

திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை மேசையைத் துடைத்தேன். போனைத் தூக்கித் துடைத்தபோதுதான், எங்கள் பிரிவிலிருந்து போன் பண்ணுவது நான் ஒருத்திதான் என்ற நினைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நான் அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். இஸ்மேனியாவைச் சமையல்கட்டுக்குள் இழுத்துச் சொன்னேன். அவள் கத்தவில்லை. சமையல் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள், பக்கத்து அறையில் அவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. அங்கேயே நின்று காப்பீட்டு ஆபீஸுக்கு அடித்தோம். பாட்டுப் போட்டார்கள், ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் பேசினாள்.

"ஜூன் பதினொண்ணுக்கு அவருக்கு இடம் இருந்துச்சு. வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்கன்னு பதிஞ்சிருக்கு. 'ஏற்கெனவே திறந்தாச்சு, நோயாளி நலம்'னு எழுதியிருக்கு. அந்த இடம் வேற ஆளுக்குப் போயிடுச்சு."

"அது ஜன்னலும்மா" என்றாள் இஸ்மேனியா. "திறந்தது ஜன்னல்."

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. இதய மருத்துவரிடம் புதிதாகக் கடிதம் வாங்கி முதலிலிருந்து மனுப் போடச் சொன்னாள். போட்டோம். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவரிடம் சொல்லவேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். ஆபீஸ் விட்டு நான் அந்தத் தெரு வழியாகத்தான் வரவேண்டும். வேறு தெருவில் சுற்றிப் போனால், ஏன் வரவில்லை என்று மறுநாள் ஆள் விட்டுக் கேட்பார். கம்பிக்கு நடுவே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொள்வார். "டாக்டரம்மா, காப்பீட்டுக்காரன் என்னை மறந்துட்டான். நீங்க மறக்கல. உங்க புண்ணியத்துலதான் நான் மனுஷங்களைப் பார்க்கிறேன்" என்பார். அந்தக் கை ஒவ்வொரு நாளும் இளைத்துக்கொண்டே வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, கடவுளே, இவர் என்னை ஒருமுறையாவது திட்டிவிடக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு நிற்பேன்.

ஜூலை மாசம் ஒரு மத்தியானம், தெருவில் போன யாரையோ கூப்பிட வாய் திறந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். புது மனுவுக்குப் பதில் இன்னும் வந்திருக்கவில்லை.

ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மறுநாள் இஸ்மேனியா கறுப்பு உடுப்பில் என் மேசைக்கு வந்தாள். அந்த ஜன்னலைப் பழையபடி செங்கல் வைத்து அடைக்கவேண்டும் என்றாள். போகிறவர்கள் எல்லாரும் பழக்கத்தில் கம்பிக்குள் எட்டிப் பார்த்து, தோன் எவாரிஸ்தோ என்று கூப்பிட்டுவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்களாம்.

மனுவை நானே நிரப்பினேன். கமிட்டி இந்த முறை காலம் கடத்தவில்லை. அது ஆதாரத்தோடு நிரூபிக்கப்பட்ட பழைய ஜன்னல், இனி அது முகப்பின் பகுதி, அடைக்க அனுமதி கிடையாது என்று ஒரே கூட்டத்தில் முடித்துவிட்டார்கள்.

நான் போன் பண்ணவில்லை. நடந்தே போனேன். அவள் காலியான கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இஸ்மேனியாம்மா, இந்தெர்வென்சியோன் கிடையாதுன்னுட்டாங்க" என்றேன். வாய்ப் பழக்கம், வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள்.

"ஜன்னலைத்தானே சொல்றீங்க?" என்றாள்.

"ஆமா" என்றேன். "ஜன்னலைத்தான்."